பதில் வரிசை

கிம்ஜே
20 பிப்ரவரி 1993

இயேசுவுக்குப் புகழ்.

மடத்தில் சகோதரி கிளாராவாக இருக்கும் என் நாத்தனார் ஜே-சுக்குக்கு அண்ணி மியோங்-ஓக் எழுதுவது. மடத்துக்கு உன்னைப் பார்க்க வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நிற்கும்போது 'நீங்கள்' என்றுதான் வாயில் வருகிறது. கடிதத்தில் கம்பி இல்லை. பள்ளிக்கூடம் போக நான் பின்னிவிட்ட சடைதான் நினைவுக்கு வருகிறது. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், தலைமைச் சகோதரி படித்தால் மன்னிக்கட்டும்.

உன் விரல் வெடிப்பு ஆறியதா? பூசைக்கான அப்பம் சுடும் அடுப்பின் முன் நின்றுவிட்டு உடனே குளிர்ந்த தண்ணீரில் கையை விடாதே. இங்கே நாங்கள் இருவரும் நலம். என் முழங்கால்தான் படிக்கட்டைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. அரிசி மில் ஓடுகிறது, உன் அண்ணனும் கூடவே ஓடுகிறார். சத்தம் மட்டும் மில்லிலிருந்துதான் வருகிறது.

போன மாதம் தே-ஷிக்கின் இரண்டாம் ஆண்டு நினைவுநாள். நீ தூக்கி வளர்த்த பிள்ளைக்கு பூசை ஒப்புக்கொடுத்து, நான் தனியாகப் போய்வந்தேன். உன் அண்ணன் அன்றும் மில்லைத் திறந்தார். இந்த ஊரில் யார் செத்தாலும் இறந்தோர் மன்றாட்டுப் பாட முதல் ஆளாகப் போய்த் தரையில் உட்கார்ந்தவர், பெற்ற பிள்ளைக்காக இதுவரை ஒரு வரி பாடவில்லை. எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. அவர் வாயால் ஒரு முறை, என் பிள்ளைக்காக அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும்.

செப்டம்பரில் பங்குக் கோயிலிலிருந்து, வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் இடங்களுக்கு யாத்திரை போகிறார்கள். "நீ போயிட்டு வா, நான் மில்லப் பாத்துக்கறேன்" என்கிறார். கோயிலுக்கு வருவதை நிறுத்தியவர்களை இங்கே 'குளிர்ந்துட்டார்' என்பார்களே, அப்படியும் இல்லை. ஞாயிறு தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார். வாய் மட்டும்தான் குளிர்ந்துபோனது. நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார். தவக்காலம் வந்தால் உனக்குக் கடிதம் கிடையாதே என்று அவசரமாக எழுதுகிறேன்.

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.
அண்ணி


தேகு
23 பிப்ரவரி 1993

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் சரியான நேரத்தில் ஓடி வந்து சேர்ந்தது. நாளை சாம்பல் புதன். இனி ஈஸ்டர் வரை இங்கிருந்து கடிதம் போகாது. வருகிற கடிதங்களும் தலைமைச் சகோதரியின் அலமாரியில் இருக்கும். விரல்கள் பரவாயில்லை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அண்ணனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு என்ன எழுதுவது என்று யோசிக்க எனக்கு நாற்பது நாள் கிடைத்திருக்கிறது. அதற்குமுன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வருடமாகக் கேட்காமல் இருந்தேன். தே-ஷிக் இறந்த அன்று நம் வீட்டில் மன்றாட்டுப் பாடியது யார்? எழுத மனம் இல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

உங்கள் இருவரையும் அன்னையின் கையில் விடுகிறேன்.
கிளாரா


கிம்ஜே
14 மார்ச் 1993

இயேசுவுக்குப் புகழ்.

ஜே-சுக்குக்கு,

இந்தக் கடிதம் ஈஸ்டர் வரை அலமாரியில் கிடக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நீ படிக்கும்போது நான் கோயிலில் உயிர்ப்புப் பாட்டு பாடிக்கொண்டிருப்பேன், வெட்கமாக இருக்காது.

நெஞ்சுவலி என்று உனக்கு எழுதினேன். அது பொய். தே-ஷிக் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. முந்தின நாள் அப்பாவோடு சேர்ந்து மூட்டை தூக்கினான். என்னிடம் இன்னொரு கிண்ணம் சூப் கேட்டு வாங்கிக் குடித்தான். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

யார் பாடினார்கள் என்று கேட்டாய். யாரும் பாடவில்லை. மன்றாட்டுக் குழுவினர் வரத்தான் வந்தார்கள். சாமியாரே அனுப்பியிருந்தார், யாரும் முகம் சுளிக்கவில்லை. வாசல் கதவை உள்ளேயிருந்து பூட்டியது உன் அண்ணன்.

சந்தையில் டோஃபு விற்கும் ரோசாவை உனக்குத் தெரியும். அவள் மகள் அன்னா, நீ மடத்துக்குப் போன இரண்டு மூன்று வருடத்தில் இறந்துபோனாள். அதுவும் இப்படித்தான். அந்தக் காலத்தில் தன்னை மாய்த்துக்கொண்டவர்களுக்குப் பாடுவதில்லை என்று வழக்கம். ரோசா மில்லுக்கே வந்து கேட்டாள். "என்னால முடியாது ரோசா, சபைச் சட்டம் அது" என்றார் உன் அண்ணன். தவிடு பறக்கிற இடத்தில் அவள் வெகுநேரம் நின்றிருந்தாள். பிறகு வீட்டுக்குப் போய்த் தனியாகவே பாடினாளாம். அதை எப்படித் தனியாகப் பாடுவது? முன்வரிசை ஒரு வரி பாடினால், எதிரே உட்கார்ந்திருக்கும் பதில் வரிசை அடுத்த வரி பாட வேண்டும். பதில் வராத இடங்களில் அவள் என்ன செய்தாள் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

அன்றிலிருந்து எங்களுக்கு அவள் டோஃபு விற்பதில்லை. தட்டு நிறைய வைத்துக்கொண்டு "தீந்துபோச்சு" என்பாள். நானும் சரி என்று அடுத்த கடைக்குப் போவேன்.

தே-ஷிக் இறந்த அன்று குழுவினர் பனியில் வாசலில் நிற்க, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உன் அண்ணன் சொன்னார்: "ரோசா வீட்ல நான் பாடல. என் வீட்லயும் யாரும் பாட வேணாம். போங்க." நான் அடுப்படியில் இருந்தேன். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் பனியை நொறுக்கிக்கொண்டு தெருமுனை வரை போனது, கேட்டுக்கொண்டே நின்றேன்.

உனக்கு நல்ல தவக்காலம் அமையட்டும். சாப்பாட்டை ரொம்பக் குறைக்காதே.
அண்ணி


தேகு
12 ஏப்ரல் 1993

உயிர்த்த ஆண்டவருக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று அலமாரி திறந்தது. எல்லோர் கையிலும் கடிதக் கட்டு, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து படித்தோம். உங்கள் கடிதத்தை நான் தோட்டத்துக்கு எடுத்துப்போய்ப் படித்தேன்.

எனக்கு முன்பே தெரியும். அன்று நீங்கள் எழுதிய கடிதத்தில் பனியைப் பற்றி இருந்தது, யார் யார் சமைத்துக் கொண்டுவந்தார்கள் என்று இருந்தது. மன்றாட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. அண்ணன் வீட்டுச் சாவைப் பற்றி எழுதிவிட்டு, பாட்டைப் பற்றி எழுதாமல் எப்படி இருக்க முடியும்? அன்றே புரிந்துவிட்டது. அவன் பெயரை எங்கள் மன்றாட்டில் சேர்த்தேன். எப்படி இறந்தான் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நானும் உங்களைக் கேட்கவில்லை, அது மரியாதை என்று நினைத்தேன். உங்களைத் தனியாக விட்டுவிட்டேன் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

திருச்சபை இப்போது எல்லோருக்காகவும் மன்றாடுகிறது. அது அண்ணனுக்கும் தெரியும், அதனால் அதை நான் அவருக்கு எடுத்துச் சொல்லப் போவதில்லை. இதோடு அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது, பிரிக்காதீர்கள். பிரிப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அன்புடன்
கிளாரா


தேகு
12 ஏப்ரல் 1993

உயிர்த்த ஆண்டவருக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? இடுப்பு வலி இருக்கிறதா? மூட்டைகளைக் குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. மடத்துக்குப் போகிறேன் என்றபோதுகூட அனுப்பு என்று கேட்கவில்லை, நீயாகவே மில் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டாய். இப்போது கேட்கிறேன். செப்டம்பர் யாத்திரையின் கடைசி நாளில் சோங்யாங் மலைக்குப் போகிறார்களாம், பெயர் தெரியாத வேதசாட்சிகளின் வரிசைக் கல்லறைகளுக்கு. அப்பா வருடாவருடம் கூட்டிப்போகிறேன் என்பார், வருடாவருடம் அறுவடை குறுக்கே வரும். நான் இனி எங்கும் போக முடியாதவள். எனக்குப் பதிலாக நீ போய் வா.

பாட வேண்டாம். ஜெபம்கூடச் சொல்ல வேண்டாம். மேலே ஏறிப் பார்த்துவிட்டு, பார்த்ததை எனக்கு உன் கையால் எழுது. அண்ணியை எழுதவைத்தால் கண்டுபிடித்துவிடுவேன்.

உன் தங்கை
ஜே-சுக்


கிம்ஜே
30 மே 1993

இயேசுவுக்குப் புகழ்.

ஜே-சுக்குக்கு,

நலம். நலமறிய ஆவல். நாற்று நடவு முடிந்தது, ஊரெல்லாம் தவளைச் சத்தம்.

கெட்டிக்காரிதான் நீ. கடிதத்தை எடைபோடும் இடத்தில் நின்றே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஒரு வாரம் அது அந்தப் பையிலேயே இருந்தது. அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, "மூணு நாள் மில்ல மூடணும், பேதுருகிட்ட ரெண்டு சீட்டு சொல்லிரு" என்றார். பேதுரு என்பது எங்கள் யாத்திரைத் தலைவர், கையில் மைக் இல்லாவிட்டால் பேச வராது.

சந்தோஷத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சட்டமெல்லாம் மாறிப்போச்சுன்னு சாமியாரே பிரசங்கத்துல சொல்லிட்டாரே. இனியாச்சும் பிள்ளைக்குப் பாடலாம்ல" என்று கேட்டுவிட்டேன்.

"சட்டம் மாறுச்சு. அன்னிக்கு ரோசா வீட்ல நான் பாடாம விட்டது, பாடினதா மாறிடுச்சா?" என்றார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

இன்னொன்று. பெயர் கொடுக்கப் போனபோது பார்த்தேன், ரோசாவும் வருகிறாள். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார். பஸ்ஸில் பார்த்துக்கொண்டால் என்ன ஆகுமோ. உங்கள் மடம் முழுவதும் எங்களுக்காக ஜெபிக்கட்டும்.

அண்ணி


கிம்ஜே
21 செப்டம்பர் 1993

இயேசுவுக்குப் புகழ்.

ஜே-சுக்குக்கு,

ஞாயிறு மாலை நல்லபடியாக வந்து சேர்ந்தோம். கால் வீக்கம் தவிர உடம்புக்குக் குறை இல்லை. இதை எழுதும்போது உன் அண்ணன் மில்லில் இருக்கிறார்.

முதல் நாள் பஸ்ஸில் ஏறியதும் ரோசாவைப் பார்த்துவிட்டார். அவள் முன் இருக்கை, நாங்கள் பின் இருக்கை. என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். முதல் இரண்டு நாளும் எல்லோரும் பாடினார்கள், இவர் மட்டும் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ரோசாவும் இவர் பக்கம் திரும்பவில்லை. கோயில் கோயிலாக இறங்கி ஏறினோம். பெண்கள் எல்லோரும் வழக்கம்போல வழியில் கிடந்த ஓக் கொட்டைகளை மடியில் பொறுக்கிக்கொண்டே வந்தார்கள். பேதுரு மைக்கில் கத்துகிறார்: "அம்மாமாரே, இது ஜெப யாத்திரை, கொட்ட பொறுக்குற யாத்திரை இல்ல. அந்த ஓக் கொட்டைய விடுங்க, அது வேதசாட்சிங்க சொத்து." நானும் ஒரு பை பொறுக்கினேன். அதை அரைத்துக் கூழ் கிண்டி வைத்திருக்கிறேன், உனக்குத்தான் கொடுக்க வழியில்லை.

கடைசி நாள் சோங்யாங் மலை. ஏற்றத்தைப் பார்த்ததும் என் முழங்கால் உட்கார்ந்துவிட்டது. "நீ பஸ்லயே இரு" என்று உன் அண்ணன் சொல்லிவிட்டுக் கடைசி ஆளாக ஏறிப்போனார். பஸ்ஸில் நானும் டிரைவரும்தான். அவர் நம் வேதக்காரர் இல்லை. காய்ந்த கணவாயை மென்றுகொண்டு ரேடியோவில் காதல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. சுருதியே இல்லாத குரல். இறந்தோர் மன்றாட்டின் முதல் வரி. எனக்கு ஆச்சரியம். வேதசாட்சிகளுக்காக யாராவது அதைப் பாடுவார்களா? அவர்கள் மோட்சத்தில் இருப்பவர்கள், நமக்காக அவர்கள்தானே மன்றாட வேண்டும். யாருக்கோ புத்தகத்தில் பக்கம் மாறிவிட்டது என்று நினைத்தேன். அந்த வரிக்குப் பதில் வரவில்லை. மறுபடியும் அதே வரி. மறுபடியும் பதில் இல்லை. அப்போதுதான் அது ரோசாவின் குரல் என்று தெரிந்தது.

பிறகு பதில் வந்தது, ஜே-சுக். உன் அண்ணன் குரல்.

டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டார். "யாருங்க அது, பாட்டுக்காரரா?" என்று கேட்டார். "மில்லுக்காரர். எங்க வீட்டுக்காரர்" என்றேன். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், மலையே பாடுவது போல இருந்தது. அது முடிந்தது. பிறகு உன் அண்ணன் முன்வரிசையாகத் தொடங்கினார். பெயர் சொல்கிற இடத்தில் 'ஸ்தேவான்' என்றார். தே-ஷிக்கின் ஞானஸ்நானப் பெயர் அவர் வாயில் வந்து எவ்வளவு காலம் ஆகிறது. நான் பஸ் இருக்கையில் உட்கார்ந்தபடியே பதில் வரிசை பாடினேன். ஒரு வரி விடவில்லை, கடைசி வரை. டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், பாவம், என்ன ஏது என்று தெரியாமலே.

மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்துக் கொடுத்தார். "காலு எப்படி இருக்கு?" என்றார். "இருக்கு" என்றேன். அவர் பாட்டு என் காதில் விழுந்தது அவருக்குத் தெரியாது, ஜன்னல் மூடியிருந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். நீயும் சொல்லிவிடாதே.

கோயில் வாசலில் இறங்கியபோது ரோசா என்னிடம் வந்தாள். "காலைல சூடா எடுத்து வெக்கறேன். பாத்திரத்தோட வாங்க" என்றாள். நேற்றும் இன்றும் எங்கள் வீட்டில் டோஃபுதான்.

அண்ணி


தேகு
6 அக்டோபர் 1993

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பம் சுடப் போனேன், ஒரு தட்டு முழுவதையும் கருக்கிவிட்டேன். சகோதரிகள் தின்று தீர்த்தார்கள், குறை சொல்லவில்லை.

அவராகச் சொல்வார் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். எழுதுவார் என்று நானும் காத்திருக்கிறேன். இதுவரை ஒரு வரி வரவில்லை. நம் வீட்டு ஆண்களுக்கு வாய் திறக்க ஒரு மலை வேண்டியிருக்கிறது. கால் வீக்கம் வடிந்ததா? குளிர் தொடங்குமுன் கம்பளிக் காலுறை போடத் தொடங்குங்கள்.

அன்புடன்
கிளாரா


கிம்ஜே
2 டிசம்பர் 1993

தங்கைக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம். இடுப்பு பரவாயில்லை.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது, தவக்காலம் போலவே கிறிஸ்துமஸ் வரை நீ இதைப் படிக்கமாட்டாய். தெரிந்துதான் இப்போது எழுதுகிறேன். உடனே படித்துவிடுவாய் என்றால் எனக்கு எழுத வராது.

பார்த்ததை எழுதச் சொன்னாய். ஏற்றம் செங்குத்து. பைன் மரங்கள். மண்மேடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். எதிலும் பெயர் இல்லை. அப்பாவுக்குப் பிடித்திருக்கும்.

ரோசா கடைசி மேட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்து இறந்தோர் மன்றாட்டைத் தொடங்கினாள். பேதுரு, "ரோசாம்மா, இது வேதசாட்சிங்க இடம். இங்க இந்தப் பாட்டு இல்ல" என்றார். "பேரே இல்லயே, யாரு எவருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? என் அன்னா ஆத்துமா இருக்கு. வேற எங்க போயிப் பாட?" என்றாள். மறுபடியும் பாடினாள். யாரும் பதில் பாடவில்லை. எல்லோரும் பேதுருவைப் பார்த்தார்கள். பதில் வராத இடத்தில் அவள் வாய்க்குள்ளேயே அந்த வரியைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்ததுக்கு மூச்சு எடுத்தாள். அன்னா செத்த அன்றும் வீட்டில் இப்படித்தான் பாடியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துபோனது. எதிரே உட்கார்ந்து பதில் பாடினேன்.

அன்னாவுக்குப் பாடி முடித்தோம். நான் எழுந்துவிட்டேன். "உக்காருங்க தோமாண்ணே. இப்ப உங்க பிள்ளைக்கு. நீங்க முன்வரிசை, நான் பதில்" என்றாள். "எனக்கு அந்த உரிமை இல்ல ரோசா" என்றேன். "உரிமைய யாரு கேட்டா? பாடுங்க. பஸ் கெளம்பிரும்" என்றாள். பாடினேன்.

நன்றாகத்தான் பாடினேன். எல்லோரும் பதில் பாடினார்கள். ஆனால் உன் அண்ணியின் குரல் அதில் இல்லை. அவள் கீழே பஸ்ஸில் இருந்தாள். அவனைப் பெற்றவள் அவள். கதவைப் பூட்டிய அன்று நான் ரோசாவை நினைத்தேன், என் நேர்மையை நினைத்தேன், அடுப்படியில் நின்றவளை நினைக்கவில்லை. என் தப்புக்கு அவள் பாட்டைப் பறித்துவிட்டேன். அதனால்தான் மலையில் பாடியதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் இல்லாமல் பாடிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி பதினெட்டு அவன் நினைவுநாள். வீட்டில் பாட வேண்டும் என்று இருக்கிறது. நான் ஒரு வரி பாடி, எதிரே அவள் வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வேன்? அவள் திறக்காவிட்டால் அது நியாயம்தான். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்கலாமா வேண்டாமா என்று நீ ஒரு வரி எழுது.

அண்ணன்


தேகு
26 டிசம்பர் 1993

பிறந்த பாலனுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி நடந்த மாதிரிதான் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அண்ணி எழுதியிருந்தார். சொல்கிறேன். மடத்தில் இதற்குத் தண்டனை இருந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணியின் குரல் அதில் இருந்தது. பஸ் ஜன்னல் திறந்திருந்தது. ரோசாவுக்குப் பதில் வராமல் போனதும், பிறகு உன் குரல் வந்ததும் அண்ணிக்குக் கேட்டது. நீ ஸ்தேவான் என்று பெயர் சொன்னபோது, அவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே பதில் வரிசை பாடினார். ஒரு வரி விடவில்லை. டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டாராம். செப்டம்பரிலிருந்து அவர் நீ சொல்வாய் என்று காத்திருக்கிறார், நீ அவர் இல்லாமல் பாடிவிட்டதாக வருந்திக்கொண்டிருக்கிறாய். ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு இருவரும் எனக்குத் தபால் தலை வாங்கி ஒட்டுகிறீர்கள்.

கேள். பதில் வரும்.

ஜே-சுக்


கிம்ஜே
19 ஜனவரி 1994

இயேசுவுக்குப் புகழ்.

ஜே-சுக்குக்கு,

நலம். நல்ல பனி. உன் விரல்களுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன், மற்ற சகோதரிகளுக்கும் கொடு.

நேற்றுக் காலை வெளியே பனி வாரும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். உன் அண்ணன் வாசலிலிருந்து தெருமுனை வரை பாதை வெட்டிக்கொண்டிருந்தார். கதவை அகலத் திறந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் ஒரு அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். வீடெல்லாம் குளிர். "யார் வரப்போறாங்க?" என்றேன். "வர்றவங்க வரட்டும்" என்றார்.

உள்ளே வந்து தே-ஷிக்கின் படத்துக்கு முன் எதிரும் புதிருமாக உட்காரும் மெத்தை இரண்டைப் போட்டார். ஒன்றில் உட்கார்ந்தார். எதிர் மெத்தையைத் தட்டிக் காட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"பஸ்ல பாடின மாதிரியே பாடு" என்றார்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. எத்தனை பூட்டுக்கு உள்ளே வைத்தாலும் உன் வாய்க்குப் பூட்டு இல்லை, நாத்தனாரே. நீ நன்றாக இரு.

உட்கார்ந்தேன். அவர் முதல் வரியைத் தொடங்கினார், குரல் உடைந்து பாதியில் நின்றுவிட்டது. இந்த ஊரில் எத்தனையோ சாவு வீட்டில் நிற்காத குரல். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வரி முடியாமல் பதில் எப்படிச் சொல்வது? அதனால் அவர் விட்ட இடத்திலிருந்து அவர் வரியை நானே பாடி முடித்தேன். பிறகு என் வரியையும் பாடினேன். அடுத்ததற்கு அவர் சேர்ந்துகொண்டார்.

பெயர் சொல்லும் இடம் வந்தபோது என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரல் சேர்ந்தது. சுருதியே இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பனி ஒட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, சூடான டோஃபுச் சட்டியை வாசலில் வைத்துவிட்டு, ரோசா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணி